மிருதங்கத்தை விற்காதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

சென்னைக்குப் போய் வாசிப்பு கற்கும் யோசனையை விட்டுவிட்டு அப்பாவின் கடைச் சாவியை வாங்கிக்கொண்டாயாம். அதில் நான் தலையிடவில்லை. டர்பனில், நம் சாட்ஸ்வொர்த்தில் கடை நடத்துவது ஆளையே விழுங்கும் வேலை. மிருதங்கத்துக்கும் விலை பேசுகிறாய் என்கிறார்களே, கடிதம் அதற்குத்தான்.

1860-ல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து தென்னாப்பிரிக்கா வந்து டர்பனில் இறங்கியவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் பகலில் தோட்ட வேலை முடித்துவிட்டுத்தான் இரவில் கூத்துக் கட்டினார்கள். இந்த ஊர்க் கலைக்கு வேலை நேரம் போக மிஞ்சியதே கிடைத்தது.

வாத்தியத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றாதே. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நம் கடற்கரை ஈரத்தைத் தோல் குடிக்கும், சுருதி இறங்கும், காற்றில்லாமல் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். பருத்தி உறை போதும். வெயிலில் நிற்கும் வேனுக்குள் விட்டால் நேர்மாறு: தோல் காய்ந்து இழுத்துக் கிழியும், வலந்தலையின், அதாவது வலக்கைப் பக்கத் தோலின், நடுவிலுள்ள கறுப்புக் கரணை வெடிக்கும். வெடித்த கரணையில் பசை தடவினால் நாதம் செத்துப்போகும். வலந்தலையை மாற்றத்தான் வேண்டும்.

தொப்பிக்கு, அதாவது இடக்கைப் பக்கத் தோலில் அப்ப, சோஜி கிண்ட வாங்கும் ரவையே போதும், பொடியாக இருக்கட்டும். இரண்டு தேக்கரண்டி எடுத்து, சிறிது சிறிதாகத் தண்ணீர் விட்டு, சப்பாத்தி மாவைவிடத் தளர்வாகப் பிசை. வாசித்து முடித்ததும் முழுக்கச் சுரண்டி ஈரத்துணியால் துடை. மிச்சம் புளித்தால் தோல் கெடும், கரப்பான் கடிக்கும்.

மாதக்கணக்கில் தொடப்போவதில்லையென்றால் அரைச் சுருதி இறக்கி வை. உடல் பக்கமிருந்து, தோலைச் சுற்றியுள்ள வார்ப் பின்னலை மேலே தட்டு. வார் நுழையும் 16 கண்களில் எதிரெதிராக மாறி மாறி. ஒரே பக்கம் தட்டினால் சுருதி கோணும்.

கையில் முதலில் போவது வேகம். சாப்பாட்டுக்குப் பிறகு 20 நிமிஷம், மெட்ரோனோம் 60-ல், தகதிமி மூன்று காலம், ஒவ்வொன்றும் முந்தையதைவிட இரு மடங்கு வேகம். வேறெதுவும் வேண்டாம்.

தாளக் கணக்குக்கு வாத்தியமே தேவையில்லை. ஆதி தாளத்தில் எட்டு அடி, அடிக்கு நான்காக 32 மாத்திரை. ஐந்து மாத்திரைச் சொல்லான ததிங்கிணதொம் மூன்று முறை 15. ஆகவே லகு, அதாவது முதல் நான்கு அடி, முடிந்து ஒரு மாத்திரை விட்டு எடுத்தால் சமத்தில், அடுத்த சுற்றின் முதல் அடியில், வந்து விழும். சரக்கு எடுக்கப் போகும் வழியில் இதையே திஸ்ரத்தில், அடிக்கு மூன்றாக, போட்டுப் பார். அங்கே 24 மாத்திரை, எடுப்பு எங்கே என்று நீயே கண்டுபிடி. வாயால் சொன்னால் போதும். கை ஸ்டியரிங்கில் இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்