ரப்பர் கத்தியைப் பிடுங்கக் கற்றுத்தரும் மாஸ்டர்களுக்கு

வணக்கம் மாஸ்டர்.

கராத்தே, சிலம்பம், குத்துவரிசை என்று எதைக் கற்றுத்தந்தாலும் சரி, பெண் பிள்ளைகளுக்குத் தற்காப்பு வகுப்பு எடுக்கிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் 16 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். என் அக்கா மகள் எட்டாம் வகுப்பு, பச்சை பெல்ட்.

போன மாதம் அவள் பள்ளி ஆண்டு விழாவில் டெமோ. ஒரு பையன் ரப்பர் கத்தியை நீட்டிக்கொண்டு வந்தான். இவள் விலகி, மணிக்கட்டை முறுக்கி, கத்தியைப் பிடுங்கி, அவனைக் குப்புறத் தள்ளினாள். கைதட்டல் அடங்கவே இல்லை. எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. நீட்டிய கையை அந்தப் பையன் மடக்கவே இல்லை. இவள் முறுக்கி முடிக்கும்வரை அப்படியே நின்றான்.

எங்களிடம் வருகிறவர்களைக் குத்தியவன் எவனும் அப்படி நிற்கவில்லை. தையல் மெஷின் ஊசி மாதிரி கத்தி போய்ப் போய் வந்திருக்கும். இன்னொரு கை சட்டையைக் கொத்தாகப் பிடித்திருக்கும். பல பேர் கத்தியைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். "கையால குத்துறான்னுதான் நெனச்சேன், சட்டை ஈரமானப்புறம்தான் தெரிஞ்சுது" என்பார்கள். பிடுங்கப் போனவரை உள்ளங்கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். நான்கு விரலுக்கும் குறுக்கே ஒரே வெட்டு. தோலைத் தைத்துவிடலாம். விரலை மடக்கும் தசைநாண் அறுந்துவிட்டால் அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் பயிற்சி, அதற்கப்புறமும் சிலருக்குச் சோறு பிசையக் கை மடங்காது.

2024 நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் ஒரு புற்றுநோய் மருத்துவரை நோயாளியின் மகன் குத்தினானே, நினைவிருக்கிறதா? முன்பின் தெரியாதவன் இல்லை. ஒளித்து வைத்த கத்தி, கைக்கெட்டும் தூரம்.

அடுத்த ஞாயிறு மொட்டை மாடியில் அவளுக்குப் பழைய வெள்ளை டி-ஷர்ட்டும் நீச்சல் கண்ணாடியும் மாட்டிவிட்டு, அவள் அண்ணன் கையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்தேன். "நிக்காதடா, விடாம வா" என்றேன். பத்து வினாடிதான். எண்ணிப் பார்த்தால் 11 கோடு, அதில் இரண்டு கழுத்தில். அவள் அழவில்லை. "கிளாஸ்ல யாரும் இப்படி வரமாட்டாங்களே சித்தி" என்றாள். தயவுசெய்து உங்கள் வகுப்பிலும் இதை ஒரு முறை செய்து பாருங்கள்.

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறையில் இருந்த டென்னிஸ் டியூலர் 1983-லேயே எழுதினார்: கத்தியோடு ஓடிவருபவனுக்கு 21 அடியைக் கடக்க ஒன்றரை வினாடி போதும். இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கும் போலீஸ்காரருக்குச் சொன்ன கணக்கு அது. உங்கள் ஹாலில் 21 அடிக்குக் கோடு போட்டு, பிள்ளைகளையே ஓடவிட்டுக் காட்டுங்கள். எதிரில் இருப்பவன் கை எங்கே இருக்கிறது என்று பார்க்கப் பழக்குங்கள். ஸ்கூட்டியோ மேசையோ நடுவில் இருக்கும்படி நகரச் சொல்லுங்கள். செயினைக் கேட்டால் கழற்றி ஒரு பக்கம் எறிந்துவிட்டு மறுபக்கம் கத்திக்கொண்டே ஓடச் சொல்லுங்கள். பெல்ட் தேர்வில் அந்த ஓட்டத்துக்கும் மார்க் போடுங்கள்.

ஓட வழியே இல்லாமல் சுவரோடு ஒட்டிவிட்டால்? அப்போது சண்டைதான். தாடையைத் தாழ்த்தி, மணிக்கட்டின் உள்பக்கம் தன்னைப் பார்த்திருக்கும்படி கையைத் தூக்க வேண்டும். கத்தியின் வெட்டும் பகுதியைத் தொடாமல், கத்தி பிடித்த கையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து அவன் உடம்போடு அழுத்த வேண்டும். அப்புறம் முழங்கால், தலை, பல், எது கிடைக்கிறதோ அது. பிடி நழுவியதும் ஓட்டம். வெட்டுப்படும், பட்டாலும் நிறுத்தக் கூடாது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ராணி லட்சுமிபாய் தற்காப்புப் பயிற்சித் திட்டத்தில் அரசுப் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்குக் கிடைப்பது மூன்று மாதம். அதற்குள் கத்தி பிடுங்குகிற வித்தை யாருக்கும் வராது. இதெல்லாம் வரும்.

"திருப்பி அடிச்சா நம்ம மேல கேஸ் ஆயிடுமா?" என்று என்னிடமே பிள்ளைகள் கேட்கிறார்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் எழும்போதே அந்த உரிமை தொடங்கிவிடும்; அச்சம் தீர்ந்ததும் முடிந்துவிடும். தேவைக்கு மீறி அடிக்கக் கூடாது, விழுந்து கிடப்பவனைப் போய் மிதிக்கவும் கூடாது.

இன்னொரு பாடமும் வேண்டும். குத்திய கத்தி உடம்பில் நின்றால் பிடுங்கக் கூடாது, அதன்மேல் அழுத்தவும் கூடாது; அதைச் சுற்றித்தான் அழுத்த வேண்டும். கத்தி உள்ளே இல்லாத காயமென்றால், ரத்தம் வரும் இடத்தில் துப்பட்டாவை மடித்து வைத்து, முழு எடையும் போட்டு, 108 வரும்வரை கையை எடுக்காமல் அழுத்த வேண்டும். இதை நானே வந்து சொல்லித்தருகிறேன், காசு வேண்டாம். நைட் டூட்டி முடிந்து ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் எந்த வகுப்புக்குக் கூப்பிட்டாலும் வருகிறேன். பழைய வெள்ளைத் துணி மட்டும் நிறைய எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு நர்ஸ், ஒரு சித்தி