தில்லியில் வேலை பார்க்கும் தமிழ் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் ஒரு மடல்

அன்புள்ள டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும்,

வணக்கம். தில்லியில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும், தமிழ் தெரிந்தவர் ஒருவராவது கண்ணில் படுகிறீர்கள். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். வயதானவர்களுக்குத் திடீரென்று வரும் மனக்குழப்பத்தை, அதாவது டெலிரியத்தை, டிமென்ஷியா என்கிற மறதி நோய் என்று நினைத்துவிடுவது பற்றித்தான் இந்த மடல்.

போன மே மாதம் என் அம்மாவைத் தென்காசிப் பக்கத்திலிருந்து மயூர் விஹாரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். வயது 78. காலையில் தானே காபி போட்டு, பேப்பரை ஒரு வரி விடாமல் படித்து, பேத்திக்குத் தலை பின்னிவிடுகிற ஆள். வந்த பத்தாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு என்னை எழுப்பி, "கட்டிலுக்கு அடியில கன்னுக்குட்டி கத்துது, அவுத்து விடுடி" என்றாள். விளக்கைப் போட்டுக் காட்டினேன், நம்பவில்லை. போர்வையிலிருந்து இல்லாத நூலை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்துக்கொண்டே இருந்தாள். விடிந்ததும் தெளிந்துவிட்டாள். ஏதோ கனவு என்று நானும் விட்டுவிட்டேன். அடுத்த நாள் சாயங்காலம் என்னைப் பார்த்தே "நீ யாரு?" என்றாள்.

ஊருக்குப் போன் செய்தேன். சித்தி, "காத்து கருப்பு பட்டிருக்கும், திருநீறு போடு" என்றாள். அண்ணன், "வயசாச்சுல்ல, இனிமே இப்படித்தான்" என்றான். அண்ணன் சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெயர் வேண்டாம். எமர்ஜென்சியில் ஸ்ட்ரெச்சர் வைக்க இடமில்லாத கூட்டம். டியூட்டி டாக்டர் சின்னப் பையன். எப்போது தூங்கினாரோ பாவம். நின்றபடியே, "மாதாஜி, யே கௌன் சா சால் ஹை?" என்று கேட்டார். அம்மாவுக்கு இந்தி ஒரு சொல்கூடத் தெரியாது. "சால் கிணத்தடியில கெடக்கு" என்றாள். இந்தியில் சால் என்றால் வருஷம். எங்கள் ஊரில் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் பாத்திரம். நான் விளக்குவதற்குள் டிமென்ஷியா என்று சீட்டில் எழுதிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். ராத்திரி டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கப் பார்த்தாள் என்று தூக்க ஊசி போட்டு, இரண்டு கைகளையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டினார்கள்.

நைட் டியூட்டிக்கு வந்த மலையாள நர்ஸுக்குத் தமிழ் நன்றாக வந்தது. முதலில் கட்டை அவிழ்த்தார். அம்மாவின் கண்ணாடி எங்கே என்று கேட்டு வாங்கி மாட்டிவிட்டார். "அம்மச்சி, இது என்ன மாசம்?" என்றார். "மார்கழி" என்றாள் அம்மா. வெளியே வைகாசி வெயில். "பங்குனியிலேருந்து பின்னாலே சொல்லுங்க பார்ப்போம்." "பங்குனி... மாசி... கன்னுக்குட்டிக்குத் தண்ணி வச்சியா?" அதோடு சரி. அப்புறம் என் பக்கம் திரும்பினார். "போன வாரம் எப்படி இருந்தாங்க?" அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. நன்றாக இருந்தாள் என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. மாத்திரைப் பையைக் கொண்டுவரச் சொன்னார்.

மஞ்சள் பைக்குள் இருந்தவை: நீர் பிரிய வைக்கும் மருந்தும் சேர்ந்த பிரஷர் மாத்திரை, சளிக்கு நானே தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி, ஐந்து நாளாக வேளைக்கு ஒன்றாகக் கொடுத்த, குளோர்பெனிரமின் என்ற பழைய வகை அலர்ஜி மருந்து கலந்த மாத்திரை. அவர் கேட்கக் கேட்கத்தான் எனக்கே மற்றதெல்லாம் உறைத்தது. ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் எங்கள் தூக்கம் கெடும் என்று அம்மா தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள். வாய்க்குப் பிடிக்கவில்லை என்று உப்பில்லாக் கஞ்சியோடு ஓட்டியிருக்கிறாள். ரத்தத்தில் சோடியம் என்கிற உப்புச்சத்து 119. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. அந்த ரிப்போர்ட் சாயங்காலமே வந்து ஃபைலுக்குள் யாரும் பார்க்காமல் கிடந்தது.

சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளைக்கே ஆபத்து என்பதால் மெல்ல மெல்ல ஏற்றினார்கள். சளி மாத்திரையை நிறுத்தினார்கள், பிரஷர் மாத்திரையை மாற்றினார்கள். நான்காம் நாள் காலை, "உனக்கு ஆபீஸ் இல்லையா?" என்று அம்மா கேட்டாள்.

உங்களுக்குத் தெரியாத மருத்துவம் எதையும் நான் சொல்லிவிடப் போவதில்லை. டிமென்ஷியா மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வருவது. டெலிரியம் ஓரிரு நாளில் வந்து, பகலில் தெளிந்து இருட்டினால் ஏறுவது. வயதானால் தாகமே சரியாக எடுக்காது. பழைய வகை அலர்ஜி மாத்திரைகளை முதியவர்களுக்குத் தவிர்க்கச் சொல்லும் பியர்ஸ் பட்டியல் எப்போதோ வந்துவிட்டது. இதெல்லாம் நீங்கள் படித்ததுதான். நான் சொல்ல வந்தது மொழி பற்றி. காய்ச்சல் முற்றிப் பிதற்றினால் நம் ஊர்ப் பாட்டிகள் "ஜன்னி கண்டுடுச்சு" என்பார்கள். மறதி வேறு, ஜன்னி வேறு என்று அவர்களுக்குத் தெரியும். நம் மொழியில் தனித்தனியாக இருக்கிற இரண்டும், இந்தியில் கேள்வி கேட்டு பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லாத இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

டெலிரியம் இருக்கிறதா என்று பார்க்கும் 4ஏடி (4AT) என்ற சோதனைக்கு இரண்டு நிமிஷம் போதும். வயது, பிறந்த தேதி, இருக்கும் இடம், நடப்பு வருஷம் ஆகியவற்றைக் கேட்டு, டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்ல வைக்கிறார்கள். ஆள் விழிப்பாக இருக்கிறாரா, இது திடீரென்று வந்த மாற்றமா என்றும் பார்க்கிறார்கள். என் அம்மாவுக்குப் பிறந்த தேதி நல்ல நாளிலேயே தெரியாது, நட்சத்திரம் தெரியும். டிசம்பரிலிருந்து வராது, பங்குனியிலிருந்து வரும். இது உங்களுக்குத்தான் தெரியும், டியூட்டியில் இருக்கும் பஞ்சாபி டாக்டருக்கு எப்படித் தெரியும்?

அதனால் கேட்கிறேன். எமர்ஜென்சி கவுன்டரில் உங்கள் எக்ஸ்டென்ஷன் நம்பரை எழுதி வையுங்கள். தமிழ் முதியவர் யாராவது குழம்பிப்போய் வந்தால் ஐந்து நிமிஷம் வாருங்கள், முடியாவிட்டால் போனில் பேசுங்கள். சத்தம் போடுகிறவரை எப்படியும் எல்லோரும் கவனித்துவிடுவார்கள். சுவரைப் பார்த்துப் பேசாமல் படுத்திருக்கும் தாத்தாவுக்கும் இதே நோய் இருக்கலாம், அவரிடமும் போய்ப் பேசுங்கள். கையைக் கட்டுவதற்கு முன்னால் வீட்டு ஆள் ஒருவரைப் பக்கத்தில் உட்கார விடச் சொல்லுங்கள். கட்டிப்போட்டது அம்மாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது. யார் கட்டினார்கள், ஏன் என்று தெரியவில்லை. கட்டியது மட்டும் நினைவிருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்விகளைத் தமிழிலும், அதே தமிழை இந்தி எழுத்திலும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் பார்த்துத் திருத்திக் கொடுத்தால், லேமினேட் செய்து எந்த வார்டுக்கு வேண்டுமானாலும் நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
மயூர் விஹாரிலிருந்து ஒரு மகள்