தந்தியை என்ன செய்வது?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. சம்பா அறுவடை பாதி முடிந்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஊர் விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் நீயும்தான் இருக்கிறாய். நீலக் குறி விழுகிறது, வாய் மட்டும் திறப்பதில்லை. ஷார்ஜாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது உன் வேலை, அட்மின் வேலை என் தலையில்.

போன வாரம் ஒரு சாயங்காலம், கொள்முதல் நிலையத்தில் சாக்கு தீர்ந்துவிட்டது, நாளைக்கு யாரும் நெல் கொண்டுவர வேண்டாம் என்று ஒரு தகவல் வந்தது. உடனே, தந்தி என்று நாம் பட்டப்பெயர் வைத்தோமே, அவன் ஆரம்பித்தான். சாக்கு எங்கே போச்சு, எந்தக் கட்சிக்காரன் வீட்டுக்குப் போச்சு? சோடாபுட்டிக்குக் கை சும்மா இருக்குமா? பதில் போட்டான். தந்தி பழைய குத்தகைத் தகராறை இழுத்தான். படுக்கப் போவதற்குள் சாக்குச் செய்தி எங்கோ மேலே போய்விட்டது.

விடிந்ததும் கீழத்தெருப் பெரியப்பா டிராக்டரில் நெல்லோடு போய் நிற்கிறார். திரும்ப ஏற்றிவரக் கூலி யார் கொடுப்பது என்று அங்கேயே களத்தில் கொட்டிவிட்டார். ராத்திரிப் பனி. மறுநாள் ஈரப்பத மீட்டர் 17 சதவீதத்தைத் தாண்டிக் காட்டியது, எடுக்க மாட்டேன் என்றார்கள். பெரியப்பா ஒரு கை நெல்லை அள்ளி, வாயில் இரண்டைக் கடித்துப் பார்த்துத் துப்பினார். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லைடா. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்போது எல்லோரும் “தந்தியைக் குழுவிலிருந்து தூக்கு” என்கிறார்கள். ஒரு விரல் வேலைதான். ஆனால் வாய்க்காலில் அவன் வயல் எனக்கு மேலே இருக்கிறது. முறை வைத்துத் தண்ணீர் விடும்போது அவன் மடையைத் தாண்டித்தான் எனக்கு வரவேண்டும். முகம் தெரியாத எவனையோ நீக்குகிற சங்கதியா இது?

இன்னொன்றும் இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கையூட்டு கேட்கிறார்களே, அதைப் பற்றிக் குழுவில் முதலில் வாய் திறந்தவன் தந்திதான். நாமெல்லாம் கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்தவர்கள். அவன் கேள்வி கேட்டால் எரிச்சலாகும், ஆனால் அது கேள்வி. பதில் கிடைத்த பிறகும் அடுத்தவன் தாத்தாவைத் தோண்டுகிறான் பார், அதுதான் வம்பு. இரண்டுக்கும் ஒரே தண்டனை கொடுத்தால், நாளைக்கு நியாயமாகக் கேட்பவனும் வாயை மூடிக்கொள்வான்.

வம்புக்காரனுக்குப் பதில் போடாதே, அதுதான் அவனுக்குத் தீனி என்று இணையத்தில் காலங்காலமாகச் சொல்கிறார்கள். நம் ஊரில் அது எடுபடாது. பதில் வராவிட்டால் ஒத்துக்கொண்டான் என்று டீக்கடையில் முடிவே கட்டிவிடுவார்கள். அதனால் ஒரே ஒரு பதில், விவரத்தோடு, அவனுக்கல்ல, படிக்கிற மற்றவர்களுக்கு. அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இதைச் சோடாபுட்டிக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. உண்மையில் பாதிச் சண்டை அவனுடையது.

தண்ணீர், கொள்முதல் தகவலுக்கு மட்டும் தனிக் குழு தொடங்கிவிட்டேன். அதில் அட்மின் மட்டுமே எழுதலாம். பழைய குழுவில் வசவை மட்டும் அழிக்கிறேன், ஆளை விட்டுவைக்கிறேன். அட்மின் அழித்தார் என்று வாட்ஸ்அப் காட்டிக்கொடுத்துவிடுகிறது, உடனே “என்னத்தைடா அழிச்சே?” என்று நாலு பேர் தனியாகக் கேட்கிறார்கள்! தந்தியின் வீட்டுக்கும் போய்ப் பேசினேன். காபி கொடுத்தான், நன்றாகத்தான் பேசினான். நேரில் அவன் வேறு ஆள்.

எவனோ எழுதியதற்கு அட்மின் ஜெயிலுக்குப் போவான் என்று சோடாபுட்டி பயமுறுத்துகிறான். உறுப்பினர் போட்டதற்கு, அட்மின் என்பதற்காக மட்டுமே ஒருவரைப் பொறுப்பாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. அவனிடம் சொன்னேன். அது கேரளா என்கிறான்.

தந்தி கச்சேரி ஆரம்பிப்பது ராத்திரி பதினொன்றுக்கு. எனக்குக் கண் சொக்கும் நேரம், உனக்கு ஒன்பதரைதான். அதனால் உன்னையும் அட்மின் ஆக்கிவிட்டேன். மறுப்பு இருந்தால் போனில் சொல், குழுவில் எழுதித் தொலைக்காதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்