கம்போவுக்கு எந்தப் பாத்திரம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த கம்போ (அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கெட்டிக் குழம்பு) செய்முறையில் பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அந்தக் குழம்புக்குப் பாத்திரம்தான் முக்கியம். மைதாவை எண்ணெயில் போட்டு, சாக்லேட் நிறம் வரும்வரை அரை மணி நேரத்துக்கு மேல் சிறுதீயில் விடாமல் கிண்ட வேண்டும். மெல்லிய எவர்சில்வர் பாத்திரம் என்றால் நடுவில் மட்டும் கருகும். கறுப்புப் பொட்டு தெரிந்துவிட்டால் மாவைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எங்கள் மார்த்தாண்டம் பக்கம் மீன் குழம்புக்கு மண்சட்டியை விட்டால் வேறில்லை. ஆனால் வெறும் எண்ணெயும் மாவுமாக அவ்வளவு நேரம் சூடேறினால் அது விரிசல் விடலாம். இரும்புச் சட்டி சூட்டைப் பிடித்து வைக்கும், சரி. ஆனால் கம்போவில் சேர்க்கும் வெண்டைக்காய் விழுந்ததும் குழம்பு கறுத்துப்போகும். எனாமல் பூசிய வார்ப்பிரும்புப் பாத்திரம் அருமையானது, விலைதான் அதிகம். அடி தட்டையான, கனத்த இண்டாலியம் பாத்திரமே வீட்டுக்குப் போதும். மரத்துடுப்பு அடி முழுவதும் படும்.

இனி இப்படிச் செய்முறை போடும்போது பாத்திரத்தின் அளவையும் சேர்த்துப் போடுங்கள். எட்டுப் பேருக்கு 6 லிட்டராவது வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மார்த்தாண்டம்.