புகைக்கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இறக்குமதியாகும் இரும்பு போன்ற பொருட்களைத் தயாரிக்கும்போது வெளியான கார்பன் புகைக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதிக்கும் எல்லைக் கார்பன் வரி என்றாலே பெரிய உருக்காலைகளின் கவலைதான் செய்தியாகிறது. 2026 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்ட அந்த விதி போல்ட், நட், திருகாணிக்கும் பொருந்தும். கோவைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் எங்களுக்குத்தான் அதன் வலி தெரிகிறது.

வரியைக் கட்டுவது அங்குள்ள இறக்குமதியாளர். விலையைக் குறைக்கச் சொல்வதோ எங்களிடம். ஆண்டுக்கு 50 டன் வரை விலக்கு உண்டு என்கிறார்கள். அது இறக்குமதியாளரின் மொத்தக் கொள்முதலுக்கான வரம்பு. பெரிய வியாபாரிக்கு நாங்கள் 5 டன் அனுப்பினாலும் அதன் புகைக்கணக்கைக் கொடுத்தே ஆக வேண்டும்.

எங்கள் பட்டறையில் புகை குறைவு. கம்பிச் சுருளை வாங்கி, சூடாக்காமலே அடித்துத் தலை வைத்து, மரை போட்டு, கடைசியில் உலையில் பதப்படுத்துகிறோம். பெரும்பகுதி கார்பன் உமிழ்வு அந்தக் கம்பிக்கான இரும்பை உருக்கும்போதே நடந்துவிடுகிறது. அதையும் போல்ட்டின் கணக்கில் சேர்க்கிறார்கள். சரி, அது நியாயம்தான். ஆனால் ஆலை அந்த எண்ணைத் தந்தால்தானே நாங்கள் சொல்ல முடியும்? தராவிட்டால், உண்மைக் கணக்குக்குப் பதிலாக ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் பொது மதிப்பு நம் தலையில் விழும். இரும்புப் பொருட்களுக்குத் தயாரிப்பில் நேரடியாக வெளியாகும் உமிழ்வு மட்டுமே கணக்கு, மின்சாரத்துக்கானது சேராது என்பதால், பல்லடம் பக்கத்துக் காற்றாலை மின்சாரத்தில் பட்டறை ஓட்டினாலும் இதில் சலுகை இல்லை. இது என்ன கணக்கோ!

சுருளோடு வரும் சோதனைச் சான்றிதழில் ஹீட் நம்பர் (எந்த முறை உருக்கிய இரும்பு என்று காட்டும் எண்), கார்பன், மாங்கனீசு சதவீதம் எல்லாம் புள்ளி சுத்தமாக இருக்கின்றன. கம்பிக்குள் தங்கிய கார்பன் தெரிகிறது, புகைபோக்கி வழியே போனதுதான் தெரியவில்லை. அளக்க முடியாத விஷயமா இது? ஒரு டன் உருக்குக்கு 2.2 டன்னுக்குக் குறைவான உமிழ்வு என்றால் பசுமை உருக்கு, 1.6க்கும் கீழே போனால் ஐந்து நட்சத்திரம் என்று மத்திய உருக்கு அமைச்சகமே 2024 டிசம்பரில் தரம் பிரித்திருக்கிறது.

பழைய இரும்பை மின்உலையில் உருக்கிய கம்பிக்கும் நிலக்கரியை நம்பிய ஊதுலைக் கம்பிக்கும் உமிழ்வில் பெரிய வித்தியாசம் உண்டு. அது சான்றிதழில் இருந்தால், ஏற்றுமதிக்கு எதை வாங்குவது என்று நாங்களே பார்த்துக்கொள்வோம். எனவே ஹீட் நம்பருக்குப் பக்கத்தில் உமிழ்வு எண்ணையும் அச்சிட வேண்டும் என்று அமைச்சகம் ஆலைகளுக்கு உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
போல்ட் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
கோவை