நாலாவது விளக்குக் கம்பம்

அன்புள்ள மகளுக்கு,

போன வாரம் நீ போனில் “பயமா இருக்குப்பா” என்றாய். “எல்லாம் சரியாகிடும்மா” என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அன்று ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை. பதினோரு வருடமாகப் பழகிய வேலையை விட்டு, வேறு ஊரில், முகம் தெரியாதவர்களோடு புதிதாக ஆரம்பிப்பதா வேண்டாமா என்று நீ தவித்துக்கொண்டிருக்கிறாய். அதற்கு அப்பன் சொன்ன பதில் இவ்வளவுதான். எனக்கே வெட்கமாக இருந்தது. எழுத உட்கார்ந்தால் உண்மையைச் சொல்வேன் என்று தோன்றியது.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். நீ வாங்கிக் கொடுத்த ஷூவைத் தினமும் போட்டு நடக்கிறேன் என்று சொன்னேன் இல்லையா? எட்டு மாதம் அது பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. உள்ளே திணித்திருந்த காகிதத்தைக்கூட நான் எடுக்கவில்லை. நீ கேட்கும்போதெல்லாம் “நல்லா இருக்கும்மா, காலைக் கடிக்கவே இல்லை” என்பேன். கட்டிலுக்கு அடியில் இருக்கிற ஷூ எப்படிக் காலைக் கடிக்கும்?

சோம்பல்தான் காரணம் என்று அம்மா நினைத்தாள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சோம்பேறி என்று பெயர் வாங்குவது பயந்தவன் என்று பெயர் வாங்குவதைவிடச் சுலபம். ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்னால் ஆபீஸ் மாடிப்படியில் பாதி ஏறும்போது நெஞ்சு படபடவென்று அடித்தது. மூச்சு வாங்கிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த இளைஞன் “சார், உடம்பு சரியில்லையா?” என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். அன்றோடு படி ஏறுவதை நிறுத்தினேன்.

டாக்டரிடம் போகாமல் இல்லை. இசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். “இதயம் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள்தான் அதற்கு வேலையே கொடுப்பதில்லை. தினமும் நடங்கள்” என்றார் அவர். சந்தோஷமாக வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். லிஃப்டில் வந்தேன். அவர் சொன்னது காதோடு நின்றுவிட்டது. நடந்தால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் அந்தப் படபடப்பு வரும், அது வந்தால் இந்தத் தடவை நிஜமாகவே ஏதாவது ஆகிவிடும். என் கணக்கு இதுதான். படி ஏறாததால் இன்னும் சீக்கிரம் மூச்சு வாங்கியது. மூச்சு வாங்குகிறதே என்று படி ஏறவில்லை. மூன்றாவது மாடியில் இருக்கிற நண்பர் வீட்டுக்குப் போவதைக்கூட, லிஃப்ட் பழுதென்றால் தள்ளிப்போட்டேன்.

பிறகு ஒரு நாள் மூக்குக்கண்ணாடி கட்டிலுக்கு அடியில் விழுந்தது. தரையில் உட்கார்ந்து கையை விட்டுத் துழாவி எடுத்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. தொடையில் பலமே இல்லை. கட்டிலின் விளிம்பைப் பிடித்து, முழங்காலை ஊன்றி, இரண்டு தடவை சறுக்கி மூன்றாவது தடவை எழுந்தேன். வீட்டில் யாரும் இல்லை. இடையில், தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தபோது, நேர் எதிரே உன் ஷூப் பெட்டி.

ஒரு விஷயம் படித்தேன், உனக்குப் பிடிக்கும். 1966-இல் அமெரிக்காவில் டல்லஸ் நகரத்தில், ஆரோக்கியமான 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துச் சோதித்திருக்கிறார்கள். எழுந்தபோது அவர்களுடைய உடல் உழைக்கும் திறன் பெரிதாகச் சரிந்திருந்தது. அதே ஐந்து பேரை 30 வருடம் கழித்து, 50 வயதில், மறுபடி கூப்பிட்டு அளந்தார்கள். முப்பது வருட வயது குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகம் குறைத்திருந்தது! அதோடு விடவில்லை. நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். வயதால் போயிருந்த திறன் திரும்பிவிட்டது. ஐந்தே பேர்தான், சரி. ஆனால் எனக்கு அது போதுமாக இருந்தது. வயதாகிவிட்டது, வயதாகிவிட்டது என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததில் பாதி வயதே இல்லை, நாற்காலி.

முதல் நாள் ஷூவின் நாடாவைக் கட்டவே கொஞ்ச நேரமானது. நம் தெருவில் விளக்குக் கம்பங்கள் வரிசையாக இருக்கின்றன. நாலாவது கம்பத்தில் நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. கம்பத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். தூரத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு யாரையோ எதிர்பார்த்து நிற்பதுபோல இருந்திருக்கும். மனதுக்குள் எண்ணினேன். நூறு எண்ணுவதற்குள் படபடப்பு இறங்க ஆரம்பித்தது. இருநூறில் சாதாரணமாகிவிட்டது. அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். மொத்தம் ஏழு நிமிடம்.

மறுநாளும் அதே கம்பம், அதே படபடப்பு, அதே எண்ணிக்கை. இப்படி இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில் பயம் குறைந்தது என்று சொன்னால் அது அடுத்த பொய். பயத்தோடுதான் நாடாவைக் கட்டினேன். ஆனால் அது வருகிற வழியும் போகிற வழியும் தெரிந்துவிட்டது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் நாலாவது கம்பம் எப்போது தாண்டியது என்றே கவனிக்கவில்லை. படபடப்பைக் கண்டே பயப்படுகிறவர்களை மனநல மருத்துவர்கள் வேண்டுமென்றே படி ஏறவிட்டு, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு மூச்சு வாங்க வைப்பார்களாம். அது ஒரு சிகிச்சை முறையே என்று அப்புறம்தான் தெரிந்தது. நான் விளக்குக் கம்பத்திடம் இலவசமாகப் பார்த்துக்கொண்டேன். (இதயம் சரியாக இருக்கிறது என்று பரிசோதித்த பிறகுதான் இதெல்லாம். நெஞ்சு வலியோடு யாரும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணக் கூடாது.)

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லவில்லை, பாதியில் நின்றுவிட்டால் அசிங்கம் என்று. பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வலுக் கொடுக்கிற பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மிதமானது என்றால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நான் பாடுவதை யாரும் எதிர்பார்க்காததால் அதில் சிக்கல் இல்லை. தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். தசைக்கு, கையை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருவது. முதல் வாரத்தில் ஆறு தடவைக்கே தொடை நடுங்கியது. இப்போது இருபது. அம்மா பத்தாயிரம் அடி கணக்கு வைக்கச் சொன்னாள். அந்தக் கணக்கே 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரில் இருந்து பரவியது என்று சொல்லித் தப்பித்தேன்.

மூச்சுக்காக ஆரம்பித்தது, நான் கேட்காததை எல்லாம் கொடுத்தது. ராத்திரி மூன்று மணிக்கு விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பது குறைந்துவிட்டது. முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் தொடை தாங்குவதால் அதன்மேல் பாரம் குறைவு. சாப்பிட்டபின் கொஞ்சம் நடந்தால், தசை வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்தில் இருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளுமாம். சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மாத்திரையை டாக்டர் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. எனக்குக் கோபம் குறைந்துவிட்டது என்று அம்மா சொல்கிறாள். இதை நான் ஒத்துக்கொள்ளவில்லை, கோபமாகவே மறுத்தேன்.

நடுவில் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் விட்டுப்போனது. பத்தாம் நாள் ஷூவைப் பார்த்தபோது பழைய பயம் அப்படியே வந்து உட்கார்ந்தது. ஒரு புதுப் பழக்கம் தன்னால் நடக்கிற அளவுக்கு ஊற எத்தனை நாள் ஆகும் என்று லண்டனில் ஆராய்ந்திருக்கிறார்கள். சராசரியாக 66 நாள், ஆளைப் பொறுத்து 18-இல் இருந்து 254 நாள் வரை. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பில்லை என்றும் கண்டிருக்கிறார்கள். ஒன்பது நாளுக்கு என்ன கணக்கோ. என் குணம் எனக்குத் தெரியும் என்பதால் 254 என்றே வைத்துக்கொண்டு மறுபடி நாலாவது கம்பத்தில் இருந்து ஆரம்பித்தேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நடந்தால் வேலைக் குழப்பம் தீர்ந்துவிடும் என்று சொல்லமாட்டேன்; அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கே எரிச்சல் வரும். ஆனால் நீ பேசியதைக் கேட்கும்போது, பயம் போகட்டும், அப்புறம் முடிவு செய்யலாம் என்று காத்திருப்பதுபோல எனக்குப் பட்டது. நானும் எட்டு மாதம் அதைத்தான் செய்தேன். பெட்டிக்கு வெளியே தூசிதான் சேர்ந்தது.

அதனால் முடிவை இப்போது எடுக்காதே. இரண்டு நாள் லீவு போட்டு அந்த ஊருக்குப் போ. ஆபீஸ் எப்படி இருக்கிறது, உனக்குப் பக்கத்தில் உட்காரப் போகிறவர் எப்படிப் பேசுகிறார், சாயங்காலம் அந்தத் தெருவில் நடக்க எப்படி இருக்கிறது என்று பார். பார்த்த பிறகு பிடிக்கவில்லை என்றால் தாராளமாக வேண்டாம் என்று சொல். அம்மாவும் நானும் ஒரு வார்த்தை கேட்கமாட்டோம். பார்க்காமலே வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே. போவதற்கு முன், இந்த வாரமே, நீயும் கொஞ்சம் நட. காலையில் இருந்து ராத்திரி வரை திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற உடம்புக்குள் இருந்து யோசித்தால் எல்லாமே மூன்றாவது மாடியாகத்தான் தெரியும்.

இடது கால் ஷூவின் குதிகால் ஓரம் தேய ஆரம்பித்துவிட்டது. நீ அடுத்த தடவை வரும்போது காட்டுகிறேன். நேற்று அந்த நண்பர் வீட்டுக்குப் படியில் ஏறித்தான் போனேன். இரண்டாவது மாடியில் ஒரு தடவை நின்றேன். செருப்பு வாரைச் சரிசெய்யவில்லை.

அந்தப் புது ஆபீஸ் எத்தனையாவது மாடி என்று பார்த்து எழுது.

அன்புடன்,
அப்பா