முதல் மாதத்தில் ஒரு துணை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கமுதி அருகே அரசுப் பள்ளியில் படித்த என் மகள், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சென்னையில் பொறியியல் சேர்ந்திருக்கிறாள். கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. இது இல்லையென்றால் அவளை அனுப்பியிருக்கவே முடியாது. மனதார நன்றி சொல்கிறேன்.

ஆனால் முதல் இரண்டு வாரம் தினமும் ராத்திரி போனில் அழுதாள். சாப்பாடு பிடிக்காமல் போனது கூடப் பரவாயில்லை. விசை, முடுக்கம், உந்தம் என்று தமிழில் கரைத்துக் குடித்த பிள்ளை, வகுப்பில் 'ஆக்சிலரேஷன்', 'மொமன்டம்' என்று வேகமாகச் சொல்லும்போது திகைத்துப் போயிருக்கிறாள். எழுந்து சந்தேகம் கேட்கக் கூச்சம். 'அம்மா, ஊருக்கே வந்துடறேன்' என்றாள்.

அப்புறம் விடுதியில் பரமக்குடிப் பெண் ஒருத்தி கிடைத்தாள், மூன்றாம் ஆண்டு மாணவி. தமிழ்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருந்த தன் பழைய நோட்டைக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை கிண்டிக்குக் கூட்டிப்போய் மின்சார ரயிலில் ஏற இறங்கப் பழக்கிவிட்டாள். என் மகளின் குரலே மாறிவிட்டது.

இது அதிர்ஷ்டத்தால் கிடைத்த துணை. எல்லோருக்கும் கிடைக்குமா? புது மாணவர் ஒவ்வொருவருக்கும் அதே மாவட்டத்து மூத்த மாணவர் ஒருவரைக் கல்லூரியே துணையாக அமர்த்தலாம். முதல் மாதம் தினமும் ஒரு மணி நேரம், பாடச் சொற்களை இரு மொழியிலும் சொல்லித்தரலாம். உயர்கல்வித் துறை இதை அடுத்த சேர்க்கைக்குள் செய்ய வேண்டும்.

ஒரு தாய்,
கமுதி வட்டம், ராமநாதபுரம் மாவட்டம்